பழைய வேனை வாங்கி ஸ்டுடியோ ஆக்கலாமா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்க!

கேமரா இருக்கு, மைக் இருக்கு, லைட் இருக்கு. ஸ்டுடியோ வாடகைதான் கட்டுப்படி ஆகலை. அப்போ ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றிட்டு, உள்ளேயே ஸ்டுடியோ போட்டுட்டா என்ன? யூடியூப், பாட்காஸ்ட், கல்யாண வீடியோ என்று ஓடிக்கொண்டிருக்கும் பலரின் மனதில் இந்தக் கணக்கு ஒருமுறையாவது வந்து போயிருக்கும்.

ஐடியா தப்பில்லை. ஆனால் நாம் இதைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களில் இருந்து. அங்கே 'ஆர்வி' என்பது படுக்கை, சமையல் மேடை, மின் இணைப்பு எல்லாவற்றோடும் தொழிற்சாலையிலேயே தயாராகி வருவது. பழைய ஆர்வி வாங்கினால் மேலே கொஞ்சம் வேலை பார்த்தால் போதும். நம்ம ஊரில் கேரவன் என்றாலே கோடம்பாக்கம் ஞாபகம்தான் வரும். தனிநபர் வாங்க நினைத்தால் கண்ணில் படுவது பழைய டூரிஸ்ட் வேன். ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதி வாங்கிய வண்டி அது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது.

கண்ணூரில் என்ன நடந்தது?

'இ புல் ஜெட்' என்ற கேரள யூடியூப் சேனலைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு சகோதரர்கள் ஒரு டிராவலர் வேனை வீடுபோல மாற்றி, 'நெப்போலியன்' என்று பெயர் வைத்து நாடு சுற்றினார்கள். 2021 ஆகஸ்ட்டில் கேரள மோட்டார் வாகனத் துறை அந்த வண்டியைப் பிடித்தது. அனுமதியில்லாத மாற்றங்கள், வரி பாக்கி என்று குற்றச்சாட்டு. ஆர்டிஓ அலுவலகத்தில் ஏற்பட்ட தகராறுக்குப் பிறகு இருவரும் கைதாகி, ஜாமீனில் வந்தனர். வண்டியின் பதிவும் நிறுத்திவைக்கப்பட்டது. சேனலின் முகமே அந்த வண்டிதான் என்பதை நினைத்துப் பாருங்க. வண்டி நின்றால் தொழிலும் நிற்கும்.

சட்டம் சொல்வது இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது: விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற இடத்தைக் கவனிங்க. கூரையை உயர்த்தியது ஒன்று, ஜன்னலை அடைத்தது ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

சீட்டைக் கழற்றுவதுமா குற்றம் என்று கேட்கலாம். இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் விவரம். அதனால் 12 சீட் வண்டியில் 3 சீட் மட்டும் விட்டுவிட்டு ஓட்டுவதும் மாற்றம்தான்.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. ஏற்கெனவே கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று பதிவான வண்டியைத் தேடி வாங்குவது முதல் வழி. விலை கூடும், கிடைப்பதும் கஷ்டம். ஆனால் நிம்மதி. இத்தகைய வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுநர் செய்த வண்டிதானா என்று கேளுங்க. இரண்டாவது வழி, வேலை ஆரம்பிக்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்டிஓவிடம் போய் அனுமதி கேட்பது. மூன்றாவது, எனக்குப் பிடித்த வழி: வண்டியைத் தொடவே தொடாதீங்க. லைட், பேட்டரி, மேசை எல்லாம் பெட்டிகளில் வரட்டும். பெல்ட் போட்டுக் கட்டி எடுத்துப் போய், இடத்தில் இறக்கி வையுங்க. பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காது, உண்மைதான்.

இன்சூரன்ஸையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாற்றம் செய்ததை நிறுவனத்திடம் தெரிவிக்கவில்லை என்றால், விபத்தோ தீயோ நடந்தபின் க்ளெய்ம் நிராகரிக்கப்படும் ஆபத்து இருக்கு. வண்டிக்குள் இருக்கும் கேமராக்களை வாகன பாலிசி பொதுவாகக் காப்பதில்லை; அதற்குத் தனி பாலிசி வேண்டும். பழைய வண்டி வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்க.

மஞ்சள் போர்டு வண்டி விலை குறைவாகத் தெரியும். பெர்மிட்டை ஒப்படைப்பது, வரி பாக்கியைத் தீர்ப்பது, தனிநபர் வண்டியாக மாற்றுவது என்று அதற்குப் பின்னால் செலவு காத்திருக்கும். டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து மலிவாக வருவதாக ஆசை காட்டுவார்கள். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புதுப் பதிவெண் எடுத்து, தமிழ்நாட்டு வரியும் கட்டிய பிறகு அது மலிவா என்று கூட்டிப் பாருங்க. வங்கிக் கடன் நிலுவை, அபராதம், ஃபிட்னஸ் தேதி எல்லாம் எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

கரண்ட் கணக்கு

சட்டத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த வில்லன் வெயில். இரும்புப் பெட்டிக்குள் சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாமல் யாரும் பேட்டி கொடுக்க மாட்டார்கள். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 2.5 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏசி ஏறக்குறைய 1,000 வாட், இரண்டு எல்இடி லைட் 300 வாட், லேப்டாப்பும் மானிட்டரும் 100 வாட். மொத்தம் 1,400. ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி கையை விரித்துவிடும். இரண்டு எபிசோட் எடுக்க நினைத்தவருக்கு ஒன்றே இழுபறி.

ஜெனரேட்டர் வைக்கலாமே என்றால், அதன் சத்தம் மைக்கில் ஏறும். ஏசியை ஓடவிட்டு வண்டியைக் குளிரவைத்து, 'டேக்' போகும்போது மட்டும் அணைப்பதுதான் பலர் செய்வது. தகரச் சுவரில் எதிரொலியும் உண்டு. கனமான போர்வையைத் தொங்கவிட்டாலே பாதி சரியாகும், மழைச் சத்தத்துக்கு மட்டும் மருந்து இல்லை.

வண்டி சொந்தம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி எடுக்கலாம் என்றும் நினைக்காதீங்க. கடற்கரை, பூங்கா, பொதுச்சாலை போன்ற இடங்களில் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி தேவை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்க. மதியம் 1 மணிக்கு வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, கதவை மூடி உள்ளே உட்கார்ந்து, போனில் பத்து நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. அதைப் போட்டுக் கேட்டுவிட்டு விலை பேசலாம்.