ரெட் ஹில்லின் எண்ணெயும் ஹொனலூலுவின் குடிநீரும்

உலகின் மிகப் பலம் வாய்ந்த கடற்படையை, அதன் மிகப் பெரிய நிலக்கீழ் எண்ணெய்க் களஞ்சியத்தைக் கைவிடும் நிலைக்குத் தள்ளியதில் ஒரு சிறிய மாநிலத்தின் சுகாதாரத் திணைக்களத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ஹவாயின் ரெட் ஹில் களஞ்சியம் மூடப்பட்ட கதையை வெறும் சூழல் மாசுச் சம்பவமாக மட்டும் நோக்குவது போதாது. படையினரின் எரிபொருள் தேவையும் மாநிலமொன்றின் எரிசக்தி, சூழல் கொள்கைகளும் ஒன்றையொன்று பாராமல் வகுக்கப்படும்போது என்ன நேரும் என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் அண்மைக்கால உதாரணம் வேறில்லை.

ஓவாஹு தீவில், பேர்ள் துறைமுகத்திற்கு அண்மையிலுள்ள எரிமலைப் பாறைக் குன்றைக் குடைந்து இக்களஞ்சியத்தை அமைக்கும் வேலை 1940 டிசெம்பரில் தொடங்கியது. தரைக்கு மேலிருந்த எண்ணெய்த் தாங்கிகள் வான்தாக்குதலுக்கு இலகுவில் இலக்காகும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சம் நியாயமானதே. ஓராண்டில் ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின; தாங்கிகள் மட்டும் தப்பின. நான்கு மாதங்களின் பின், 1942 ஏப்ரலில், நகுமோ தலைமையிலான அதே விமானந்தாங்கிக் கப்பற்படை திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடாத் தாங்கிகளில் ஒன்று எரிந்தழிந்ததை எம்மவர் பலர் அறிவர். 1943-இல் ரெட் ஹில் நிறைவுபெற்றது. 250 அடி உயரமும் 100 அடி விட்டமும் கொண்ட இருபது தாங்கிகள். மொத்தக் கொள்ளளவு 25 கோடி கலன், அதாவது ஏறத்தாழ 95 கோடி லீற்றர்.

அக்காலத்துப் பொறியியலாளரின் சாதனை அது. ஆனால் தாங்கிகளின் அடித்தளத்திற்குக் கீழே சுமார் நூறு அடி ஆழத்தில் இருப்பது ஹொனலூலுவுக்குக் குடிநீர் வழங்கும் நிலத்தடி நீர்ப்படுகை. நதிகளும் ஏரிகளும் அரிதான அத்தீவுக்கு அதுவே உயிர்நாடி. குண்டிலிருந்து எண்ணெயைக் காத்தவர்கள், எண்ணெயிலிருந்து நீரைக் காப்பது பற்றி எண்ணவில்லை. போர்க்காலத்தில் அதனை மன்னிக்கலாம். பின்வந்த அமைதிக்காலத்திலும் நிலைமை மாறாதிருந்ததே மன்னிக்க முடியாதது. 1988-இல் அமெரிக்க மத்திய அரசு நிலக்கீழ் எண்ணெய்த் தாங்கிகளுக்கான விதிகளை இயற்றியபோது, களத்திலேயே கட்டப்பட்ட இத்தகைய இராட்சதத் தாங்கிகளுக்குப் பெரும்பாலான விதிகளை ஒத்திவைத்தது. அந்த ஒத்திவைப்பு 2015 வரை நீடித்தது. வீதியோரப் பெற்றோல் நிலையத்தின் சிறு தாங்கிக்கு இருந்த கட்டுப்பாடு, இருபது மாடிக் கட்டடமளவு உயர்ந்த தாங்கிக்கு இருக்கவில்லை.

2014 ஜனவரியில், திருத்தப்பட்டு மீண்டும் நிரப்பப்பட்ட ஐந்தாவது தாங்கியிலிருந்து சுமார் 27,000 கலன் விமான எரிபொருள் கசிந்தது. அடுத்த ஆண்டில் கடற்படை, பாதுகாப்புத் தளபாட முகவரகம், மத்திய சூழற் பாதுகாப்பு முகவரகம், மாநிலச் சுகாதாரத் திணைக்களம் ஆகியவை ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தாங்கிகளை மேம்படுத்த இருபது ஆண்டளவு அவகாசம் வழங்கிய உடன்படிக்கை அது. ஹொனலூலு நீர் வழங்கல் வாரியம் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. நீருக்குப் பொறுப்பான அமைப்பை வெளியே நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு உரியவர்களுடன் மேசையில் அமர்வதை ஒருங்கிணைப்பு என்று அழைப்பது பொருந்தாது. வாரியத்தின் தலைமைப் பொறியியலாளர் ஏர்னஸ்ட் லாவ் ஆண்டுக்கணக்கில் விடுத்த எச்சரிக்கைகளும் செவிமடுக்கப்படவில்லை.

2021-இல் அவர் அஞ்சியது நடந்தது. மே 6-ஆம் திகதி இயக்கத் தவறொன்றினால் குழாய் உடைந்து சுமார் 20,000 கலன் எரிபொருள் வெளியேறியது. அதில் பெரும்பகுதி தீயணைப்புத் தொகுதியின் கழிவுக் குழாயினுள் சென்று, எவரும் அறியாமல் ஆறு மாதங்கள் தேங்கிக் கிடந்தது. நவம்பர் 20-ஆம் திகதி சுரங்கத்தினுள் ஓடும் சிறு வண்டியொன்று மோதியதில் பிளாஸ்ரிக்கினாலான அக்குழாய் வெடித்தது. எண்ணெய் சென்று சேர்ந்த இடம் கடற்படையின் சொந்தக் குடிநீர்க் கிணறு. சுமார் 93,000 பேருக்கு நீர் வழங்கும் தொகுதி அது. சில நாட்களில் படைக் குடியிருப்புகளின் குழாய்நீரில் எண்ணெய் மணத்தது. பிள்ளைகளுக்கு வாந்தியும் தோல் அரிப்பும் கண்டன. நீர் பாதுகாப்பானதே என்று முதலில் அறிவித்த அதிகாரிகள், ஆயிரக்கணக்கான குடும்பங்களை விடுதிகளுக்கு அனுப்ப நேர்ந்தது. தேசத்தின் பாதுகாப்புக்கென்று சேமித்த எண்ணெய், அப்பாதுகாப்புக்காகச் சேவையிலிருந்தோரின் பிள்ளைகளையே நோயுறச் செய்தது.

டிசெம்பர் 6-ஆம் திகதி, ஆளுநர் டேவிட் இகேயின் ஆட்சியின் கீழிருந்த சுகாதாரத் திணைக்களம், தாங்கிகளின் இயக்கத்தை நிறுத்தி எண்ணெயை அகற்றுமாறு அவசர உத்தரவு பிறப்பித்தது. படைத்துறைச் செலவினம் உல்லாசப் பயணத்துறைக்கு அடுத்தபடியாகப் பொருளாதாரத்தைத் தாங்கும் மாநிலம் ஹவாய் என்பதை மனங்கொண்டால் இத்துணிவின் அளவு விளங்கும்.

மாநிலமொன்றுக்கு மத்திய அரசின் கடற்படைக்கு ஆணையிடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற வினா இங்கு எழுவது இயல்பே. 1976-ஆம் ஆண்டின் கழிவு முகாமைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், மத்திய அரசின் நிறுவனங்களும் நிலக்கீழ்த் தாங்கிகள் தொடர்பான மாநில விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்று கூறுகின்றன. நாட்டின் அதியுயர் நலனைக் காரணங்காட்டி விலக்களிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மாத்திரமே உண்டு. அவ்வதிகாரம் ரெட் ஹில் விடயத்தில் பயன்படுத்தப்படவில்லை. கடற்படை உத்தரவை எதிர்த்தது. விசாரணையின் பின் 2022 ஜனவரியில் உத்தரவு உறுதிசெய்யப்பட்டது. பெப்ரவரியில் மத்திய அரசு நீதிமன்றம் சென்றது. ஆனால் மார்ச் 7-ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர் லொயிட் ஒஸ்ரின், களஞ்சியம் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவித்தார்.

அவர் கூறிய காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. இவ்வளவு எண்ணெயை ஒரே இடத்தில் குவித்து வைப்பது 1943-இல் பொருத்தமாக இருந்திருக்கலாம். கடலிலும் பல கரைகளிலும் சிதறலாக எரிபொருளை வைப்பதே இன்றைய போர்முறைக்கு உகந்தது என்பது அவ்விளக்கத்தின் சாரம். அப்படியாயின், இன்றியமையாதது என்று அதுநாள்வரை வாதிடப்பட்ட களஞ்சியம் ஒரே மாதத்தில் எவ்வாறு காலாவதியானது? மாநிலத்தின் உத்தரவு வரும்வரை, படைத்துறை தனது தேவையைத் தானே மீளாய்வு செய்யவில்லை என்பதே இதற்கான விடை. சூழல் விதி படையின் தயார்நிலைக்குத் தடை என்ற வழமையான வாதம் இங்கு தலைகீழாகிவிட்டது.

எண்ணெயை வெளியேற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. பழுதடைந்த குழாய்களைத் திருத்தாமல் இறைத்தால் மீண்டும் கசியும் என்ற நிலை. இதற்கிடையே 2022 நவம்பரில் 1,300 கலன் தீயணைப்பு நுரைத் திரவம் சிந்தியது. 2023 ஒக்ரோபரில்தான் இறைப்பு ஆரம்பமாகி ஆண்டிறுதிக்குள் சுமார் 10 கோடியே 40 இலட்சம் கலன் அகற்றப்பட்டது.

அதே தீவுகளில் மின்சாரத் துறையில் நடந்தது வேறு. 2045-இற்குள் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென 2015-இல் சட்டமியற்றிய முதலாவது அமெரிக்க மாநிலம் ஹவாய். மின்நிறுவனத்திற்கு நிலம் தேவை. படைமுகாம்களிடம் நிலம் உண்டு. முகாம்களுக்குப் புயலிலும் ஆழிப்பேரலையிலும் அறுந்துபோகாத மின்சாரம் தேவை. இப்பரஸ்பரத் தேவையிலிருந்தே, கரையோரத்திலிருந்து விலகிய ஸ்கோபீல்ட் இராணுவ முகாமில் 50 மெகாவாற் மின்நிலையம் 2018-இல் எழுந்தது. உயிர்எரிபொருளிலும் இயங்கவல்ல அந்நிலையம் சாதாரண நாட்களில் பொதுமக்களுக்கும், நெருக்கடியில் முகாம்களுக்கும் மின் வழங்கும். கவாய் தீவில் கடற்படையின் ஏவுகணைத் தளத்தில் கூட்டுறவு மின்சங்கத்திற்காக அமைந்த 14 மெகாவாற் சூரிய மின்நிலையமும் பற்றரித் தொகுதியும் இவ்வகையினவே. எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. இரு தரப்பின் நலனும் ஏற்கெனவே ஒத்துப்போகும் இடத்தில் ஒருங்கிணைப்பு எளிது. போர்க்கப்பலும் போர்விமானமும் எரிப்பது திரவ எரிபொருள். 2045 சட்டம் மின்சாரத்தோடு நின்றுவிடுகின்றது. அவ்வெரிபொருளை அது தொடுவதில்லை.

இனி, அகற்றப்பட்ட எண்ணெய் எங்கே சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பகுதி ஓவாஹுவிலேயே கம்பெல் தொழிற்பேட்டைக்கும், ஏனையவை கலிபோர்னியாவின் சான்டியாகோ, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸின் சுபிக் குடா ஆகிய இடங்களுக்கும் சென்றன. அமெரிக்கத் தளம் 1992-இல் வெளியேற்றப்பட்ட அதே சுபிக்கிற்கு 2024 ஜனவரியில் எண்ணெய்க் கப்பல் வந்தபோது, அந்நாட்டுச் செனற் சபையில் கேள்வி எழுந்தது வியப்பன்று. அவுஸ்திரேலியாவின் டார்வினிலும் அமெரிக்கப் படைக்கென 30 கோடி லீற்றர் களஞ்சியமொன்றின் கட்டுமானம் 2022-இல் ஆரம்பமாயிற்று. சிதறலாக வைத்தல் என்பது, ஆபத்தையும் சிதறலாக வைத்தலே. ஹவாயின் சுகாதாரத் திணைக்களத்திற்கு அமெரிக்கச் சட்டம் வழங்கிய பிடிமானம், சுபிக்கிலோ டார்வினிலோ உள்ள உள்ளூர் அதிகாரிகளுக்கு அதே வடிவில் கிடைக்கப்போவதில்லை. அந்நாடுகள் எண்ணெயை ஏற்குமுன் தத்தம் சட்டங்களில் அதனைத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஹவாயில் கணக்கு இன்னமும் தீரவில்லை. மத்திய அரசு தனது கவனயீனத்தை ஒப்புக்கொண்ட வழக்கில், முன்னோடியாக விசாரிக்கப்பட்ட 17 பேருக்கு 2025 மே மாதம் நீதிமன்றம் மொத்தம் 6 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்குச் சற்று அதிகமாக வழங்கியது. அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் கோரிக்கைகள் இருந்தன. நீர் வழங்கல் வாரியமோ 120 கோடி டொலர் இழப்பீட்டை 2023-இல் கடற்படையிடம் கோரியது. ஹொனலூலு நகர்ப்பகுதியின் நீரில் ஐந்திலொரு பங்களவை வழங்கிய ஹாலவா கிணற்றை வாரியம் மூடியது 2021 டிசெம்பரில். தாங்கிகளிலிருந்த எண்ணெய் இறைக்கப்பட்ட பின்னரும் அக்கிணற்றின் பம்பிகளை இயக்க அது துணியவில்லை. பாறையினுள் ஊறிய எண்ணெய் எத்திசையில் நகர்கின்றது என்பதில் கடற்படையின் மதிப்பீட்டை அது ஏற்கவுமில்லை.