கடன்பட்ட தொழிலாளிக்கு வக்கீல் யார்?

ஆலை முதலாளி திவாலானால் ‘நிறுவனச் சீரமைப்பு’ என்கிறார்கள். ஆலைத் தொழிலாளி திவாலானால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’ என்று ஏசுகிறார்கள். இந்த ஏச்சுக்கு அஞ்சியே சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும், பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் உழைப்பாளிகள் ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டிக்கு வாங்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், “வக்கீல் பீஸ் கொடுக்கப் பணமிருந்தால் நான் ஏன் திவாலாகிறேன்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலாளியின் திவாலை முதலில் பார்ப்போம். 2016-ம் வருடத்துச் சட்டப்படி கம்பெனியைக் கலைத்து விற்ற பணத்தில், திவால் நடவடிக்கைச் செலவு முழுவதும் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். நடவடிக்கையை நடத்தும் நிபுணரின் கட்டணமும் அதில் அடக்கம். அதற்குப் பிறகுதான் தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கி. அதையும் ஈடு பிடித்த பாங்கியோடு சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த வழக்கு நடப்பதோ சென்னையில்! தொழிலாளர் பாக்கிக்காகச் சங்கமே மனுப் போடலாம் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2020-ல் சர்க்கார் பாக்கித் தொகையின் வரம்பை 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தி அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டது.

தொழிலாளியின் திவாலுக்கோ, வெள்ளைக்காரன் காலத்து 1920-ம் வருடச் சட்டம்தான் கோவை ஜில்லாவில் இன்றும் வழி. கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அடைக்க வகையில்லாவிட்டால் மனுச் செய்யலாம். கூலி, பிராவிடண்ட் பண்டு, தொழில் கருவி, விவசாயியோ கூலியாளோ குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றைச் சாதாரணக் கடனுக்கு ஜப்தி செய்யச் சட்டம் இடம் தரவில்லை. வறுமையால் கட்ட முடியாத ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957-ல் கேரளத்துக் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்.

ஆனால் மனுப் போட்டதோடு கடன் தீராது. கோர்ட் குறிக்கும் கெடுவுக்குள் விடுதலை கோரித் தனி மனுக் கொடுக்காவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும். அடமானக் கடன் அடமானமாகவே நிற்கும். சொத்தை ஒளித்தால் தண்டனை உண்டு. ஆகவே விஷயம் தெரிந்த வக்கீல் அவசியம்.

அந்த வக்கீலுக்கு நாம் பீஸ் கொடுக்க வேண்டியதில்லை! 1987-ல் இயற்றப்பட்டு 1995-ல் அமலுக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீலை உரிமையாக்கியிருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்ற விவசாயக் கூலிகளுக்கு வருமானம் வரம்புக்குள் இருந்தால் போதும். கோர்ட் கட்டணமும் நகல் செலவும் இந்த உதவியில் சேரும். ஜில்லா கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, தாலுகா குழுவிலோ மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் பீஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கட்டும். கொடுத்ததற்கு ரசீது கேட்கட்டும். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். கோர்ட் வாசல் தரகன் நீட்டும் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரிமை ஏட்டில் இருக்கிறது. மில் கேட்டில் இல்லை. ஆகவே நாம் கோருகிறோம்: இலவச வக்கீல்கள் வாரம் ஒருநாள் ஆலைப் பகுதிகளுக்கும் கிராமங்களுக்கும் வரட்டும். அவர்களுக்குச் சர்க்கார் நியாயமான ஊதியத்தைத் தாமதமின்றிக் கொடுக்கட்டும். அரை வயிற்று வக்கீல் முழு மனதாய் வாதாட மாட்டார். கம்பெனித் திவால் வழக்குகளைக் கோவையிலேயே விசாரிக்கட்டும். தொழிலாளியின் சம்பள பாக்கி எல்லாச் செலவுக்கும் முன்னால் நிற்கட்டும்.

தோழர்களே! கடன் பட்டது குற்றமல்ல. கூலி போதாததால் வந்த கடன் அது. தனியாகப் போனால் தரகன் பிடித்துக்கொள்வான். சங்கத்தோடு போங்கள், உங்கள் வக்கீலை உரிமையோடு கேளுங்கள்!