பல்லைத் தாண்டியும் பாருங்கள்

வாய்ப்புண் என்றாலே 'சூடு' என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் மதுரைப் பக்கத்தில் இன்றும் உண்டு. பெரும்பாலான புண்கள் தாமாகவே ஆறிவிடுவதால் அந்த வைத்தியத்தின் பெயரும் கெடுவதில்லை. ஆறாத புண்ணையும் நாம் அதே பெயரால் அழைப்பதுதான் சிக்கல். இரண்டு வாரங்களைக் கடந்தும் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெண்படலம், காரணம் தெரியாத செந்நிறத் திட்டு, நாளுக்கு நாள் குறுகிவரும் வாய்த்திறப்பு என எல்லாமே 'சூட்டில்' அடங்கிவிடுகின்றன. தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றை யார்தான் மருத்துவரிடம் காட்டுவார்?

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். வைகைக் கரையின் சோழவந்தான் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது குறித்து நமக்கெல்லாம் பெருமைதான். எனினும் வெற்றிலையோடு சேரும் பாக்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985-இலேயே புற்றுநோய்க் காரணி என்றது. 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலோ புகையிலை சேராத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் அதே வரிசையில் வைத்தது. குட்காவைத் தமிழக அரசு 2013-இல் தடை செய்தது. பாக்கோ மங்கலப் பொருளாக நம் தாம்பூலத் தட்டில் அமர்ந்திருக்கிறது. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பது ஆறுதல் தரும் சொல்லன்று.

பல் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. சொத்தைப் பல்லுக்காக வாயைத் திறந்து அமர்ந்திருப்பவரிடம் நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்புறம், கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகியவற்றையும் சில நிமிடங்கள் ஒதுக்கிப் பாருங்கள். கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நல்ல வெளிச்சமும் சிறு கண்ணாடியும் கையுறையும் போதும். ஐயமிருந்தால் திசு ஆய்வுக்கு அனுப்புங்கள். 'புற்று' என்ற சொல்லைக் கேட்டால் நோயாளி மிரண்டு வேறிடம் போய்விடுவார் என்ற தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் நோயாளி அல்லவா?

இதனால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அறிகுறியற்ற எல்லோரையும் சோதிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2013-இல் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று கூறியது. அதற்கான தெளிவான விடை நம் அண்டை மாநிலத்திலிருந்து கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். அதன் முடிவு 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அத்தகைய உறுதியான பலன் நிறுவப்படவில்லை. எனவே யாருடைய வாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இங்கேதான் ஒரு முரண். ஆறு மாதத்திற்கொருமுறை பல்லைக் காட்டுபவர் பெரும்பாலும் பாக்குப் போடாதவர். அறுவடை வயலிலும் செங்கல் சூளையிலும் மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்கும் இடத்திலும் பசியையும் களைப்பையும் மறக்கப் புகையிலையை அடக்கிக்கொள்பவர், பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்னும் நாளன்றி மருத்துவரின் நாற்காலியில் அமர்வதில்லை. அந்த ஒரு நாளையும் தவறவிட்டால் மறுமுறை அவர் வருவது முற்றிய நோயோடுதான்.

முப்பது வயதைக் கடந்தோர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று 2016-இல் வகுத்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டு வாசலுக்கே மருத்துவம் வர முடியும் என்பதை, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் காட்டியது. வழியும் முன்மாதிரியும் இருக்கின்றன. பல் மருத்துவர் பல்லைத் தாண்டிப் பார்க்கட்டும். அரசு மருத்துவமனையைத் தாண்டி வயலுக்கும் சூளைக்கும் வரட்டும். நாம் செய்ய வேண்டியது, இரண்டு வாரம் ஆறாத புண்ணைச் 'சூடு' என்று சொல்லாதிருப்பது.