வண்டலோடு வந்த இறுக்கம்

வங்கியில் இருந்த காலத்தில் டிராக்டர் கடன் மனுக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். குதிரைத்திறன் எவ்வளவு, விவசாயி கையிலிருந்து போடும் பங்கு எவ்வளவு, அடமான நிலத்துக்கு வில்லங்கம் உண்டா என்று எல்லாம் கேட்பேன். பின்னால் மாட்டும் டிரெய்லருக்கு என்ன டயர், அதில் எத்தனை பவுண்டு காத்து என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வீடு பருத்திப்பட்டில். இங்கே ஏரிக்கரையைப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், காலையில் நடக்கத்தான் லாயக்கு. நிலம் வெள்ளவேடு பக்கம் இரண்டு ஏக்கர். நெல்லை விட்டுக் கத்திரி, வெண்டை, கீரை என்று மாறியிருக்கிறேன்.

ஏரி வண்டல் எடுக்க இப்போது தாசில்தாரே அனுமதி தருகிறார். நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90. கணக்குப் போட்டால் 75 கனமீட்டர் என்பது ஏறக்குறைய 26 யூனிட். நான் அதில் பாதிகூட எடுக்கவில்லை, ஒரு ஏக்கருக்கு 12 யூனிட்தான். கோடை மழை பெய்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஈர வண்டல் ஒரு யூனிட் நாலு டன்னுக்குக் குறையாது, டிரெய்லரின் சொந்த எடை தனி. அத்தனையும் பெரும்பாலும் ஒரே அச்சில், இரண்டு டயரில் உட்காருகிறது. ஓட்டிவந்த தம்பி, “ஒரே தடத்துல போனா புதையும் சார், புதுசு புதுசா போறேன்” என்றார். நானும் தலையாட்டினேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. சக்கரம் முதல் தடவை ஏறும்போதே இறுக்கத்தில் பெரும்பங்கு முடிந்துவிடும். அதே தடத்தில் பத்து நடை போனால் அந்தத் தடம் மட்டும் கெடும். பத்து புதுத் தடத்தில் போனால் நிலமே கெடும்.

அடுத்த பட்டம் கத்திரி வரிவரியாகக் குட்டையாக நின்றது. மழை பெய்தால் அந்த வரிகளில் தண்ணீர் தேங்கியது. கடப்பாரையைக் குத்தினால் ஒரு சாண் போய் ‘டங்’ என்று நின்றது. செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தது. பஞ்சகவ்யம், மூடாக்கு எல்லாம் போட்டிருந்தேன், அந்த வரிகளில் எதுவும் எடுபடவில்லை. (நெல்லுக்கு அடியில் கெட்டித் தட்டு இருந்தால் தண்ணீர் நிற்கும், நல்லதுதான். காய்கறிக்கு அது எமன்.)

விஷயம் இதுதான். டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மேல்மண்ணில் விழும். 14 பவுண்டு என்றால் சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ. டிராக்டர் பின் டயர் வயலில் 12 முதல் 16 பவுண்டுக்குள் ஓடும். எனக்கு வந்த டிரெய்லரில் இருந்தது 60 பவுண்டு, அதாவது நாலு கிலோவுக்கு மேல். தேய்ந்த லாரி டயர் வேறு. காத்தைக் குறைத்தால் டயர் நீளமாகப் படியும், மண்ணும் பிழைக்கும், புதைவதும் குறையும். புதைகிறதே என்று இன்னும் காத்து அடிப்பவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள்.

ஆனால் காத்தை மட்டும் குறைத்துவிட்டு பாரத்தை அப்படியே வைத்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் வெடிக்கும். எந்த பாரத்துக்கு எவ்வளவு காத்து என்பதற்கு டயர் கம்பெனி அட்டவணை உண்டு, அதற்குக் கீழே போகக் கூடாது. டிராக்டர் பின் டயரில் ரொம்ப இறக்கினால் ரிம்மில் டயர் வழுக்கி டியூப் வால்வைப் பிய்த்துவிடும். ரோட்டுக்கு ஏறுமுன் பழையபடி ஏற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சூடாகி ஆட்டம் காட்டும். 12 வோல்ட் பம்பு ஒன்று டிராக்டரிலேயே கிடக்கட்டும். டிரெய்லர் சக்கரம் இழுபடுகிற சக்கரம். அதற்குப் பல் வெட்டு வேண்டாம், அகலம்தான் வேண்டும்.

காத்தைக் குறைத்தால் மேல்மண் தப்பும். அடிமண்ணை நசுக்குவது அச்சின் மொத்தப் பாரம். அதற்கு அகல டயரும் அரைகுறை மருந்துதான். ஸ்வீடனில் பத்து டன் அச்சுப் பாரத்தை ஓட்டிப் பார்த்த சோதனைகளில், பத்து வருஷம் கழிந்தும் அடிமண் இறுக்கம் முழுசாகப் போகவில்லை. அத்தனைக்கும் அங்கே குளிரில் மண் உறைந்து உறைந்து இளகுகிறது, நமக்கு அந்த வசதியும் கிடையாது. உளிக் கலப்பை விட்டுக் கிழிக்கலாம். நானும் விட்டேன். அதற்குக் கொடுத்த வாடகையை நினைத்தால் இலவச வண்டல் இலவசமே இல்லை.

டிரைவர்களைத் திட்டிப் பயன் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது நாம்தான். நடை குறைய வேண்டும் என்றால் அவர் கோபுரமாகத்தான் குவிப்பார். முன்பக்கம் குவித்தால் கொக்கி வழியாகப் பாரம் டிராக்டர் பின் அச்சில் ஏறி முன் சக்கரம் லேசாகிவிடும், திருப்பினால் திரும்பாது. பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கும், பின் டயருக்குப் பிடிப்பு போகும். நம் சங்கக் கூட்டங்களில் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு ஒரு மணி நேரம் பேசுகிறோம். வாடகையை மணிக்கணக்கில் பேசலாமா என்று பத்து நிமிஷம் பேசக் கூடாதா? நாலு பேர் சேர்ந்து மணிக்கணக்கில் வண்டி எடுத்தால் அரை பாரம் ஏற்றுவதில் டிரைவருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கோடையில் இரண்டாவது ஏக்கருக்கு வண்டல் அடிக்கிறேன். மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகாமல் உதிர வேண்டும், அன்றைக்குத்தான் வண்டி உள்ளே வரும். வரப்போரம் ஒரே தடம், சுண்ணாம்பு போட்டுக் கோடு கிழித்தாயிற்று. அரை யூனிட் பாரம். தடத்தோரம் கொட்டியதைக் கூடையில் வாரி இறைக்க மூன்று ஆள். அதே தம்பிதான் வருகிறார். கோட்டைப் பார்த்து, “என்ன சார், லைசென்ஸ் டெஸ்டா?” என்று கேட்டார்.