இதயத்தின் சாவி யாரிடம்?

2007-ஆம் ஆண்டு, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் இதயக் கருவியை மாற்றியபோது, அதன் கம்பியில்லாத் தொடர்பை முடக்கிவைக்கும்படி அவருடைய மருத்துவர் ஜொனாதன் ரெய்னர் ஏற்பாடு செய்தார். வெளியிலிருந்து எவரேனும் ஆணை அனுப்பி அவரைக் கொன்றுவிடக்கூடும் என்ற அச்சம். 2013-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இது வெளியானது. துப்பறியும் நாவல்போல் தோன்றினாலும், 2008-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள், உடலில் பொருத்தப்படாத ஒரு டிஃபிபிரிலேட்டரிலிருந்து நோயாளியின் விவரங்களை ரேடியோ அலை வழியே படித்தும், மின்னதிர்ச்சி தரும்படி அதற்கு ஆணையிட்டும் காட்டியிருந்தனர். ஆணையிடுவது யார் என்று அந்தக் கருவி கேட்கவேயில்லை.

'யார் நீ?' என்று கருவியைக் கேட்கவைக்கும் வழிகளுள் ஒன்றாக இன்று பிளாக்செயின் அடையாளம் முன்வைக்கப்படுகிறது. கருவிக்கும் மருத்துவருக்கும் ஆளுக்கொரு ரகசியச் சாவி. அதற்கு இணையான பொதுச்சாவியின் பதிவு, பல கணினிகளில் ஒரேபோல் படியெடுத்து வைத்த ஏட்டில். ஒருவர் மட்டும் அதைத் திருத்திவிட முடியாது. எழுத்தின்மேல் பித்துக்கொண்ட நமக்கு அழிக்கமுடியாத ஏடு என்ற கற்பனையே போதுமானதாயிருந்தது. நாமும் சற்று மயங்கித்தான் போனோம்.

ஆனால் ஏடு பத்திரமாயிருப்பதும் சாவி பத்திரமாயிருப்பதும் ஒன்றல்ல. எஸ்தோனியாவைப் பாருங்கள். மருத்துவப் பதிவேடுகளை யார் திறந்தார், யார் திருத்தினார் என்ற குறிப்புகளைக் காக்க, பிளாக்செயினை ஒத்த நுட்பத்தை 2016-இலேயே ஏற்ற நாடு அது. பதிவேட்டை அதில் ஏற்றாமல் ஹாஷ் எனப்படும் எண்முத்திரையை மட்டும் ஏற்றினார்கள், புத்திசாலித்தனமான காரியம். மறு ஆண்டே, குடிமக்களின் அடையாள அட்டைச் சில்லு சாவிகளை உருவாக்கிய முறையில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 7 லட்சத்து 60 ஆயிரம் அட்டைகள் பாதிப்புக்குள்ளாயின. நவம்பரில் அவற்றின் சான்றிதழ்களை அரசு நிறுத்திவைத்தது. ஏட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. பலவீனம் மக்களின் சட்டைப்பைக்குள் இருந்தது.

இதயத்தருகே புதைக்கப்பட்ட சிறு கருவி, பல ஆண்டுகள் ஒரே பேட்டரியில் ஓடவேண்டியது. அது நேரடியாக ஏட்டோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகப் பேசுவது படுக்கையருகே இருக்கும் பெட்டியோ கைப்பேசியோதான். அதைக் கைப்பற்றியவன் ஏட்டைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

இவையெல்லாம் பொறியியல் சிக்கல்கள், ஒருநாள் தீரலாம். எம்மை உறுத்துவது வேறொன்று. வெளியூரில், நள்ளிரவில், நினைவிழந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருக்கும் மருத்துவரின் பெயர் அந்த ஏட்டில் இல்லை. அல்லது இருக்கிறது, இணையம் இல்லை. அனுமதி தரவேண்டிய நோயாளியோ பேச்சுமூச்சற்றுக் கிடக்கிறார். கருவி விதிப்படி நடந்தால் அவர் இறந்துபோகலாம். அவசரத்துக்கென ஒரு கொல்லைக்கதவை விட்டுவைத்தால், திருடனும் அவ்வழியே வருவான். எத்தனை கணினிகளில் படியெடுத்து வைத்தாலும் ஏட்டினால் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

2013-இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உடனிருந்தோரும் முன்வைத்த யோசனை எமக்கு இதைவிட நியாயமாகப் படுகிறது. மருத்துவரின் கருவி நோயாளியின் உடலைத் தொட்டு இதயத்துடிப்பை அளக்கவேண்டும்; அதே கணத்தில் உள்ளிருக்கும் கருவியும் அளக்கும்; இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். தொடுமளவு நெருங்கியவருக்கே அனுமதி. தொட்டவர் நல்லவர்தானா என்பதை இது சொல்லாது. ஆனால் தொலைவிலிருந்து தாக்குபவனுக்கு இடமில்லை.

அதே 2017-இல் அபாட் நிறுவனம் தன் பேஸ்மேக்கர்களின் மென்பொருள் ஓட்டையை அடைக்க வேண்டிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 4 லட்சத்து 65 ஆயிரம் கருவிகள். வீட்டிலிருந்தபடி அதைச் செய்துகொள்ள வழியில்லை; நோயாளி நேரில் மருத்துவமனைக்கு வரவேண்டும். சுமார் 3 நிமிட வேலை. அதுவரை கருவி மாற்று நிலையில் நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற கணக்கில் இதயத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். பிளாக்செயினை உடலுக்குள் கொண்டுவர விரும்புவோரிடம் நாம் கேட்பது சிறிய விஷயம்தான்: வேலையைவிட்டுப் போன செவிலியரின் சாவியை யார், எத்தனை மணி நேரத்துக்குள் ரத்து செய்வார்? சாவியைத் தொலைத்துவிட்ட முதியவர் எந்தக் கதவைத் தட்டவேண்டும்? அதற்கான பதில்களை விளம்பரத் தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.