மானைச் சுடுவோருக்கும் தேர்வு வேண்டாமா?

பத்தாம் வகுப்பு மாணவி

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தி ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் நகரத்தில் செவிலியாகப் பணியாற்றுகிறார். அவர் எழுதிய கடிதத்தை மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் படித்தோம். குளிரையும் மழையையும் பற்றி நான்கு பக்கம். ஐந்தாவது பக்கம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சித்தியின் அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தபால்காரர். சனிக்கிழமைகளில் துப்பாக்கியுடன் மலைக்குப் போய் மான் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வேட்டை என்றதும் நாய்களும் குதிரைகளும் கூச்சலும் எங்கள் நினைவுக்கு வந்தன. அப்படியில்லையாம். தூரத்தில் நிற்கும் மானைத் தொலைநோக்கியில் கண்டு, காற்று அதன் பக்கம் வீசாதபடி சுற்றிப் போய், ஈரப் புதரில் வயிற்றால் ஊர்ந்து, நூறு மீட்டர் அளவுக்கு நெருங்கி, ஒரே ஒரு தோட்டாவால் சுட வேண்டும். தோட்டா தோளுக்குப் பின்னால், நெஞ்சில் பட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். தவறி வயிற்றில் பட்டால் விழாது, ஓடும்.

அந்தப் பெரியவர் சுடத் தொடங்கிய முதல் ஆண்டில் அப்படித்தான் நடந்தது. நவம்பர் மாதத்து மாலை. மங்கிய வெளிச்சத்தில் ஒரு பெண்மானைச் சுட்டார். அது ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அதே இடத்திற்குப் போனபோது ஒரு கன்று மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். "எனக்குச் சொல்லிக்கொடுக்க அன்று ஒருவரும் இல்லை" என்று சித்தியிடம் அவர் சொன்னார்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர் கையில் துப்பாக்கி எப்படி வந்தது? எங்கள் முதல் கேள்வி அதுதான். 1968ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் சான்று வேண்டும். மனிதர் நல்லவரா, துப்பாக்கி வேண்டுவதற்குத் தக்க காரணம் உண்டா, அதைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். புதியவரானால் அனுபவமுள்ள ஒருவருடன் போக வேண்டும் என்று சில வேளை நிபந்தனையும் போடுவதுண்டு. ஆனால் மானைச் சுடத் தெரியுமா என்று அந்தச் சட்டம் யாருக்கும் தேர்வு வைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தோட்டாவுக்குத் தகுதி உண்டு! செம்மானைச் சுடும் தோட்டாவின் எடை 100 கிரெய்னுக்கு, அதாவது ஆறரை கிராமுக்குக் குறையக்கூடாது என்று ஸ்காட்லாந்தில் 1985இல் ஆணை பிறப்பித்தார்கள். ஈயமில்லாத தோட்டா எடை குறைந்தது என்பதால் 2023இல் அதை 80 கிரெய்ன் ஆக்கினார்கள். விசையும் வேகமும்கூட எண்ணில் வரையறுக்கப்பட்டுள்ளன. விசையை இழுக்கும் விரலைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை.

இதை இலக்கிய மன்றத்தில் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சிஸ்டர் அனுமதி கொடுத்தார்கள். எழுந்த முதல் எதிர்ப்பே எங்களைத் திணற வைத்தது. "மானைக் கொல்வதே பாவம். பாவத்துக்குப் பரீட்சை எதற்கு?" என்று ஒருத்தி கேட்டாள், பலத்த கைதட்டல். நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு. இங்கே 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1991இல் அதைத் திருத்தி, பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த மிச்ச வழிகளையும் அடைத்தார்கள். ஆனால் நம் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. பிரிட்டனில் ஓநாயும் லிங்க்ஸ் பூனையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. மானை அடக்க எந்த விலங்கும் இல்லை. மான்களோ இருபது லட்சம் அளவுக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு வெளிநாட்டு மான்களையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நம் மலைகளில் கேளையாடு என்கிறோமே, அதன் சீனத்து உறவு ஒன்று இங்கிலாந்துத் தோட்டங்களில் திரிகிறது. நட்ட கன்றுகளை எல்லாம் இவை மேய்ந்துவிடுவதால் காடு காடாக வளர்வதில்லை. ஸ்காட்லாந்தில் ஆண்மான்களைச் சுடக்கூடாத மாதங்கள் என்று இருந்த விதியையே 2023 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே சுடுவது நிற்கப்போவதில்லை. யார் சுடுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

தேர்வே அங்கு இல்லை என்று நினைக்க வேண்டாம், விரும்பியவர் எழுதலாம். மான் வேட்டைச் சான்றிதழ் இரண்டு நிலைகளில் உள்ளது. முதல் நிலையில் சட்டம், பாதுகாப்பு, இறைச்சிச் சுகாதாரம் பற்றிய கேள்விகள். படத்தைப் பார்த்து இது எந்த மான், ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். நூறு மீட்டர் தொலைவில் நான்கு அங்குல வட்டத்துக்குள் சுட வேண்டும். இரண்டாம் நிலையில், தேர்ந்த ஒருவர் உடன் வந்து பார்த்திருக்க, உண்மையான வேட்டையில் முறையாக நடந்து காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் இது விருப்பமல்ல, கட்டாயம். எழுத்து, வாய்மொழி, சுடுதல் மூன்றிலும் தேறினால்தான் வேட்டை உரிமம். அங்கே பள்ளியிறுதித் தேர்வுக்கு அபிட்டூர் என்று பெயர். வேட்டைத் தேர்வைப் 'பச்சை அபிட்டூர்' என்று கேலியும் பயமுமாகச் சொல்வார்களாம். பொதுத்தேர்வுக்கு முன்னால் நிற்கும் எங்களுக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. நார்வேயில் வேட்டைத் தேர்வு மட்டும் போதாது. பெரிய விலங்குகளைச் சுடுகிறவர்கள் ஆண்டுதோறும் சுடும் சோதனையிலும் தேற வேண்டும்.

எதிரணித் தோழியர் சும்மா இருக்கவில்லை. கட்டணம் வைத்தால் பணக்காரர்தாம் எழுதுவார்கள். தகப்பனிடம் மலையிலேயே கற்றுக்கொண்ட ஏழைக் குடியானவனை விலக்கிவிடுவீர்கள். சுடுகிறவர்கள் குறைந்தால் மான்கள் இன்னும் பெருகும் என்றார்கள். அதோடு நம் இருளர்களையும் சாட்சிக்கு அழைத்தார்கள். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பு பிடித்து, விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கிறவர்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரும் 2017இல் அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்திற்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "எந்தத் தேர்வு எழுதி இவர்கள் தேறினார்கள்?" என்று கேட்டபோது எங்கள் அணியில் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தோம். இருளர் வீட்டுப் பிள்ளை தகப்பன் பின்னாலும் தாத்தா பின்னாலும் பல வருடம் நடக்கிறான். தொடாதே என்றால் தொடமாட்டான். அதுவும் தேர்வுதான், தாளும் மையும் இல்லை, அவ்வளவே. சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காரருக்கு அப்படி ஒரு தகப்பன் கிடைப்பதில்லை. தாமாகவே ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்.

இன்னொன்று. குறி தவறாமல் சுடுவதை மட்டும் சோதித்தால் போதும் என்று எங்கள் அணியிலேயே சிலர் சொன்னார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. தசரதன் வில்லில் குறைந்தவனா? இருட்டில் நீர் மொள்ளும் ஒலியைக் கேட்டு, யானை என்று எண்ணி அம்பை விட்டான், குறி தப்பவில்லை, விழுந்தது பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகன். எடின்பரோ நகரின் பாதுகாவலரான புனித ஜைல்ஸின் கதையும் இதுவே. அவரிடம் அடைக்கலம் புகுந்த பெண்மானைக் குறிவைத்து, புதருக்குள் யார் இருக்கிறார் என்று பாராமல் எய்த அம்பு அந்தத் துறவியைத் தைத்தது. அந்த நகரத்தின் சின்னத்தில் இன்றும் ஒரு பெண்மான் நிற்கிறது. மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, அல்லது வெறும் வானமும் வானத்துக்கு அப்பால் ஒரு பாதையும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேட்டைக்காரனின் முதல் பாடம் என்கிறார்கள். வெளிச்சம் மங்கிவிட்டால், பக்கத்தில் கன்று இருந்தால், காற்று பலமாக இருந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு வெறுங்கையுடன் வீடு திரும்பத் தெரிய வேண்டும். மதிப்பெண் கொடுக்க வேண்டியது அதற்கே.

எனவே தேர்வு கட்டாயம் வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் கட்டணம் குறைவாக இருக்கட்டும். பல வருடம் சுட்டவர்களை வகுப்பில் உட்கார வைக்காமல், மலையிலேயே ஒருவர் கூடப் போய்ப் பார்த்துச் சான்று தரட்டும். இது எங்கள் கற்பனை மட்டுமல்ல. மான் சுடத் தகுதியுள்ளவர்களின் பதிவேடு ஒன்றை உண்டாக்கும் அதிகாரத்தை ஸ்காட்லாந்துச் சட்டம் 2011லேயே அமைச்சர்களுக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்துங்கள் என்று 2020இல் ஒரு குழுவும் சொன்னது. அதிகாரம் கையில் இருந்தும் இத்தனை ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

விவாதத்தில் எங்கள் அணி இரண்டே வாக்குகளில் வென்றது. நடந்ததை எல்லாம் தோழி தன் சித்திக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரப் பெரியவரிடம் சித்தி அதைப் படித்துச் சொல்ல, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகள் தம்மைப் பற்றி வழக்காடுகிறார்களா என்று சிரித்தாராம். பிறகு முதல் நிலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இருபது வருடம் மலை ஏறியவர், நான்கு அங்குல வட்டத்துக்குள் அழகாகச் சுட்டிருக்கிறார். ஆனால் படம் பார்த்துச் சொல்லும் பகுதியில் ஜப்பானியச் சிகா மானைச் செம்மான் என்று சொல்லி, இன்னும் இரண்டையும் குழப்பித் தோற்றுப்போனார்.

மே மாதம் மறுபடி எழுதுகிறாராம். எங்கள் தேர்வு எப்போது என்று கேட்டிருக்கிறார்.