உதிர்ந்த கொம்புதானேன்னு கேட்கறவங்களுக்கு

மாட்டுக் கொம்பையும் மான் கொம்பையும் நாம ஒரே பேர்ல கூப்பிடறதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மாட்டுக்கு முளைச்சது கடைசி வரைக்கும் கூடவே இருக்கும். மான் கொம்பு முழுக்க எலும்பு. வருஷா வருஷம் விழுந்து, மறுபடி முதல்லேர்ந்து வளரணும்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து எல்க் மானையே எடுத்துக்கோங்க. செப்டம்பர்ல இணை சேரும் காலம், கிடாக்களுக்குள்ள கொம்புச் சண்டை. அப்புறம் ஆண் ஹார்மோன் குறையக் குறைய, கொம்போட அடி எலும்பு கரைஞ்சு, மார்ச் - ஏப்ரல் வாக்கில் பொத்துனு விழுந்துடும். புண் ஆறின கையோட அடுத்த கொம்பு ஆரம்பம். மேல வெல்வெட் மாதிரி தோல், உள்ள ரத்த ஓட்டம். தின்கிற தீனியில இருக்கற சுண்ணாம்புச் சத்து போதாம, தன் விலா எலும்புலேர்ந்து எடுத்துக் கொம்புக்குக் கொடுக்குதுன்னா பாருங்களேன்! ஆகஸ்ட்ல தோல் காய்ஞ்சதும் மரத்துல தேய்ச்சு உரிச்சுட்டு சண்டைக்கு ரெடி.

விழுந்த கொம்புக்கு அங்க நல்ல விலை. கத்திப் பிடி, சரவிளக்கு, நாய் கடிக்கறதுக்குக்கூட விக்கறாங்க. அதனால பனி உருகறதுக்கு முன்னாடியே காட்டுக்குள்ள போயிடணும்னு ஒரு கூட்டத்துக்கு ஆசை. "கீழ கிடக்கறதைத்தானே பொறுக்கறோம், மானையா சுடறோம்?" என்பது அவங்க வாதம்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மார்ச் மாசத்து எல்க், சேர்த்து வச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு எலும்பும் தோலுமா நிக்கற நேரம் அது. பெண் மான்கள் வயித்துல குட்டி வேற. ஆளைப் பார்த்து மிரண்டு ஓடற ஒவ்வொரு ஓட்டமும் மிச்சமிருக்கற உயிரைத்தான் தின்னுது. அதனால ஜனவரி 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும் அந்த மாநிலத்தின் ஒரு பகுதியில் பொறுக்கக் கூடாதுன்னு வச்ச சட்டம் ரொம்பச் சரி என்பது என் கட்சி. பக்கத்து யூட்டாவிலும் 2023ல் குளிர் கடுமையா இருந்ததால மே வரைக்கும் தடை போட்டாங்க.

ஜாக்சன் ஊர்ப் பக்கம் இருக்கற எல்க் சரணாலயத்துல இன்னும் அழகு. அங்க பொதுமக்கள் கை வைக்கக் கூடாது. சாரணர் பசங்க பொறுக்கி, 1968லேர்ந்து ஏலம் விடறாங்க. பணத்துல பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்பிப் போகுது.

ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. 2024லேர்ந்து வயோமிங்காரங்க மே 1ல் போகலாம், வெளி மாநிலத்துக்காரங்க இன்னும் ஒரு வாரம் காத்திருக்கணுமாம். மிரண்டு ஓடற மானுக்கு யார் உள்ளூரு, யார் வெளியூருன்னு தெரியுமா என்ன? :-)